நரி மொகத்துல முழிக்கறதுக்கு

கண்ணத் தெறக்கக் கூடாது. காக்கா வந்து தலையில உக்காந்தாலும் சரி, இவரு வந்து 'ஏம்புள்ள தெய்வான, பைத்தியமா புடிச்சிருச்சு'ன்னு கத்துனாலும் சரி, இன்னைக்கு நான் பாக்கற மொத மொகம் நரி மொகமாத்தான் இருக்கோணும். ராத்திரியே தேங்காப்பூத் துண்ட ரெண்டு சுத்துச் சுத்திக் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் படுத்தேன். இவரு 'என்ன, கண்ணு வலியா'ன்னாரு. 'ஆமா, இருவத்தாறு வருசமா ஒங்களயே பாத்துப் பாத்து வலி'ன்னேன். மனுசன் சிரிச்சுக்கிட்டே அக்கட்டத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. கட்டல்ல இருந்து பொறத்தால பொடக்காளிக் கதவுக்கு ஒம்பது எட்டு, கதவுல இருந்து ஆட்டாங்கல்லுக்கு ஏழு, அங்க இருந்து கிளுவ வேலிக்கு இருவத்திரண்டு. நேத்துப் பகல்லயே கண்ண மூடி நடந்து பாத்து வெச்சுக்கிட்டேன். ஆட்டாங்கல்லுல மட்டும் மொழங்கால இடிச்சுக்கிட்டேன், இன்னைக்கும் அதே எடத்துல இடிச்சுக்கிட்டேன், வீங்கியிருக்கும், வீங்கட்டும். சிமெண்டுக் கல்லுல உக்காந்து துண்ட அவுத்துட்டேன். கண்ணு மட்டும் மூடியிருக்குது. முன்னால கைக்கு எட்டற தூரத்துல அலுமினிய வட்டலு, அதுல கோழிக் கொடலு. நாத்தம் மூக்குல ஏறுது. ஈ மொய்க்குதான்னு பாக்க முடியாது, காதுல கேக்குது. இன்னம் குளுரா இருக்குதுன்னா இன்னம் வெளுக்கலைன்னு அர்த்தம். கண்ணுத் தோலு மேல கருப்பாத்தான் இருக்குது. வெளுக்கற நேரத்துலதான் அது வரும். பதினோரு நாளா அப்பிடித்தான் வருது, நானும் பதினோரு நாளா வெச்சிருக்கேன். நேத்து வரைக்கும் வட்டல வெச்சுட்டு ஊட்டுக்குள்ள போயிருவேன், காலையில வட்டலு சுத்தமா நக்கியிருக்கும், அவ்வளவுதான் எனக்கும் அதுக்கும் பழக்கம். இன்னைக்குத்தான் நேருக்கு நேரு.

விடிஞ்சதும் தோட்டத்துல தண்ணிக்குப் போர் போடற வண்டி வருது. அதுதான் கணக்கு. மூணாவது தடவ. மொதப் போரு எழுநூறு அடி போயி வெறும் புழுதி. ரெண்டாவது போரு ஆயிரத்து நூறு, அதுலயும் வெள்ளப் புழுதிதான் பொகையாட்டம் வந்து எங்க தலையெல்லாம் மாவு மாவா அப்பிக்கிச்சு, நானும் எங்கூட்டுக்காரரும் கெழவங் கெழவியாட்டம் நின்னோம். அந்தப் புழுதிய அலசறதுக்குக் கூட ஊட்டுல தண்ணி இல்ல. எம்பையன் சபரி அன்னைக்குச் சாயங்காலமே பையக் கட்டுனான். 'முருங்க காஞ்சு போச்சு, நான் நின்னு என்ன பண்றதும்மா, தண்ணி வந்தா போனு போடு, மறு பஸ்ஸுக்கு வந்தர்றேன்'ன்னு திருப்பூரு போனவன், இப்ப பனியன் கம்பெனியில நைட்டு சிப்டு பாக்கறான், போன்ல கொரலே கம்மிப் போச்சு, கேட்டா பஞ்சுத் தூசிங்கறான். நான் பெத்ததே ஒண்ணு. அந்த ஒண்ணும் பஞ்சுத் தூசியக் குடிச்சுக்கிட்டு இருமிக்கிட்டுக் கெடக்குது. மறு பஸ்ஸுக்கு வந்தர்றேன்னான். அந்த மறு பஸ்ஸு வர்றதுக்கு எனக்கு ரெண்டு இஞ்சுத் தண்ணி போதும். ரெண்டு கூட வேண்டாம், ஒண்ணரை. சாமியக் கேட்டேன், தேங்கா வெச்சுத் தண்ணிப் பாயிண்டு பாக்கறவனக் கேட்டேன். கடசீல நரியக் கேக்கற நெலமைக்கு வந்துட்டேன். கேவலந்தான். ஆனா நாலு அடி வரப்புக்கு அக்கட்ட அவளுக்கு எப்பிடி வந்துச்சு? அதச் சொல்லட்டும் பாக்கலாம்.

கோகிலா என்ர ஓரகத்தி. எங்கூட்டுக்காரரு தம்பி திருமூர்த்தியோட பொண்டாட்டி. பாகம் பிரிச்சப்ப சீட்டுப் போட்டுத்தான் பிரிச்சாங்க, எனக்குக் கெழக்கு, அவளுக்கு மேக்க, ஒரே மண்ணு, ஒரே கல்லு, ஒரே வரப்பு. அவ போர் போட்ட அன்னைக்குக் காலையில சாணி எடுக்கப் போனவ திரும்பி ஓடி வந்து, 'ஏனுங்க்கா, வேலியோரம் நரி நின்னு என்னயவே பாத்துச்சுங்க்கா'ன்னா. நானுந்தான் சிரிச்சேன். 'அடியே, நரி மொகத்துல முழிச்சிருக்கற, தண்ணி கொட்டப் போகுது போ'ன்னு என்ர வாயாலயே சொன்னேன். என்ர வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமல்ல? எரநூத்தி எம்பது அடியில பீச்சுச்சு பாருங்க, தென்ன மரத்து ஒசரத்துக்கு. போர் வண்டிக்காரன் பையனுவ நனைஞ்சுக்கிட்டே விசிலடிச்சானுவ. கோகிலா சேலையோட அதுக்கு நடுவுல நின்னு ஆடுனா, நெசமாவே ஆடுனா, ஒடம்பெல்லாம் சேறு, கையில புள்ளைய வெச்சுக்கிட்டுச் சுத்துனா. சொந்தம் ஒறம்பரையெல்லாம் 'கோகிலா நரி மொகத்துல முழிச்சவ'ன்னு அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் நிக்கல. எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. பொய்யி. ஒரு நிமிசம் கூட இல்ல. அந்தத் தண்ணி மேல போயி கீழ உழுந்தப்ப என்ர வயித்துக்குள்ள என்னமோ எரிஞ்சுது, ஊறுகாய வெறும் வயித்துல தின்ன மாதிரி. அந்த எரிச்சல் எட்டு மாசமா அணையல. தண்ணியாலதான் வந்துச்சு, தண்ணி ஊத்துனாலும் அணையாது.

அது வேற, அந்தக் கொழாயி. அவ கெட்டவளா இருந்திருந்தா எனக்கு எவ்வளவு சௌகரியம். சண்ட கட்டிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கலாம். இவ என்ன பண்ணுனா, தண்ணி வந்த ஒம்பதாவது நாளு வரப்போரமா பைப்பு இழுத்து, எங்கூட்டுப் பக்கம் பாத்தாப்பல ஒரு கொழாயி வெச்சா. ஒறம்பரைக எல்லாம் நிக்கறப்ப, 'அக்கா, இது உங்குளுக்குத்தானுங்க்கா, எப்ப வேணுனாலும் புடிச்சுக்கங்க, கேக்கவே வேண்டாம்'ன்னா. எல்லாரும் 'தங்கமான புள்ள'ன்னாங்க. நானுந்தான் தலைய ஆட்டுனேன். ஊட்டுக்கு வந்து அடுப்புக்கிட்ட உக்காந்து சொன்னேன், அந்தக் கொழாத் தண்ணி ஒரு சொட்டு என்ர கையில பட்டுச்சுன்னா நான் எங்கொப்பனுக்குப் பொறக்கலன்னு. எட்டு மாசம். பஞ்சாயத்துத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா, டேங்கர் வந்தா வந்துச்சு, பாத்தரம் கழுவுன தண்ணியில கோழிக்கூட்டக் கழுவி, அதுலயே சாணி கரைச்சு, அப்பிடி ஓட்டறேன். இவருக்கு ரோசம் கெடையாது. அங்க போயிக் கால் கழுவிட்டு வர்றாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு, லுங்கி நுனி நனைஞ்சிருக்கும். ஒருநாள் பாத்துட்டு, 'எங்க போனீங்க'ன்னேன். 'பனி'ன்னாரு. சித்தர மாசத்துல பனி.

கோகிலா மோட்டாரு போட்டுட்டா. அந்தா, டுர்ர்ருன்னு ஒரு சத்தம், பொறவு கக்கற மாதிரி ரெண்டு தடவ, அப்பறம் தொட்டியில தண்ணி உழுகற சத்தம். தினமும் இதுதான் எனக்கு சேவல். கண்ணு தொறந்திருந்தாக் கூடப் பரவால்ல, வேற எதையாச்சும் பாத்துக்கிட்டுக் கேக்காத மாதிரி இருக்கலாம். கண்ண மூடிக்கிட்டா அந்தத் தண்ணி காதுக்குள்ளயே உழுகுது. கண்ணுத் தோலு செவக்க ஆரம்பிச்சிருச்சு, வெளுத்துக்கிட்டு வருது. செம்போத்து கத்துது. அதுக்கும் மொகம் இருக்குது, அதையும் பாக்கக் கூடாது. வேலியப் பாக்கலாமா? வேலிக்கு மொகம் இல்ல. ஆனா வேலியில ஓணான் இருந்தா? வேண்டாம், எதுக்கு வம்பு. இதுக்கு மொறை என்னன்னு யாரையாச்சும் கேட்டிருக்கலாம். எப்பிடிக் கேக்கறது? 'ஏனுங்க, நரி மொகத்துல முழிக்கறதுக்கு முன்னால ஓணானப் பாத்தா பலிக்குமுங்களா'ன்னு கேட்டா ஊரே சிரிக்கும், சாயங்காலத்துக்குள்ள கோகிலா காதுக்குப் போயிரும், 'நரி பாக்கோணுமாக்கா, நான் கூட்டிட்டுப் போறனுங்க்கா'ன்னு அதுக்கும் ஒரு கொழாயி வெச்சுக் குடுப்பா.

வனத்துறையில இருந்து வந்த வாட்ச்சரு ஒருத்தரு. காக்கிச் சட்ட, காலுல ரப்பர் செருப்பு, தங்கராசுன்னு பேரு. பன்னண்டு நாளைக்கு முன்னால, தெக்கால தோட்டத்துல நரி மூணு ஆட்டுக்குட்டியக் கடிச்சிருச்சுன்னு ஊட்டுக்கு ஊடு சொல்லிக்கிட்டே வந்தாரு. கோழியப் பொழுதோட அடைங்க. கறிக் கழிவ வேலியோரம் கொட்டாதீங்க, குழி தோண்டிப் பொதைங்க. வெசம் வெக்காதீங்க, கம்பி கட்டாதீங்க, கேசு ஆயிரும். கோகிலா அதயெல்லாம் காலண்டரு அட்டையில எழுதி வெச்சா, படிச்சவளாச்சே. அவரு என்னயப் பாத்துச் சொன்னாரு, 'அம்மா, நரி தானா வந்து மனுசனத் தொடாதுங்க. தீனி போட்டுப் பழக்குனாத்தான் வம்பு. இன்னைக்கு வட்டல்ல போட்டா நாளைக்குக் கையில கேக்கும்'ன்னு. ஏன் என்னயப் பாத்துச் சொன்னாரு? அன்னைக்கு நான் ஆரம்பிக்கக் கூட இல்ல. அவரு சொல்லித்தான் எனக்கே தோணுச்சு. பழக்கலாம் போல இருக்குதேன்னு. அவரு சொன்ன மத்ததெல்லாம் காதுல உழுந்துச்சு, உள்ள போனது அது ஒண்ணுதான். எதுத்தாப்பல வந்தா ஓடக் கூடாது, முதுகக் காட்டக் கூடாது, கைய ஒசத்திப் பெருசா நிக்கோணும், வட்டலத் தட்டிச் சத்தம் போடோணும், கொழந்த இருந்தா மொதல்ல தூக்கிக்கோணும். பல்லு பட்டுச்சுன்னா சோப்புப் போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவோணும், குடத்துத் தண்ணி பத்தாது, அன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போயி ஊசி போட்டரோணும், இல்லைன்னா உசுருக்கு உத்தரவாதம் இல்லைன்னாரு. ஒப்பிச்சுக் காட்டறேன் பாருங்க, எனக்கும் படிப்பு வரும். மறுநாளே கறிக்கடையில போயி கொடலு கேட்டேன். 'நாய்க்குங்களா'ன்னான். ஆமான்னேன். எங்க நாய் செத்து ரெண்டு வருசமாச்சு.

இந்தக் காலு மரத்துப் போச்சு. எறும்பு ஏறுது. வரலைன்னா? இன்னைக்குன்னு பாத்து வரலைன்னா? நேத்தே கொஞ்சம் கம்மியா வெச்சிருக்கலாம், பசியில சீக்கிரமா வந்திருக்கும், வயிறு முட்டத் தின்னுட்டு எங்கயோ தூங்கிக்கிட்டு இருக்குதோ என்னமோ. இல்ல, அவ பக்கம் போயிருச்சா? அவளுக்குத்தான் எல்லாம் கூப்புடாமயே போகுமே. எங்க மாமியா சாகறப்பக் கூடக் கடசித் தண்ணி அவ கையிலதான் குடிச்சாங்க. பதினெட்டு வருசம் நான் பீ மூத்தரம் அள்ளுனேன், நான் வெளிய போயிருந்த அஞ்சு நிமிசத்துல இவ தண்ணி ஊத்தறா, அந்தம்மா கண்ண மூடறாங்க. அதே மாதிரி, போன தையில சபரி வந்தப்ப நேரா எங்க போனான்? சித்தி ஊட்டுத் தொட்டியில குதிச்சுக் குளிச்சுட்டுத்தான் இங்க வந்தான். தலையில ஈரத்தோட வந்து நின்னு சோறு போடுன்னான். நான் பெத்தவனோட தலை அவ தண்ணியில நனைஞ்சிருக்குது. தொவட்டி உட்டேன். அழுத்தித் தொவட்டிட்டேன் போல, 'வலிக்குதும்மா'ன்னான்.

ஆனா ஒண்ணு, எனக்கும் ஒரு செயிப்பு இருக்குது. அவ புள்ள என்ர புள்ள. தன்ஷிகாவாம், வாயில நொழையாத பேரு, நான் தனுன்னுதான் கூப்புடுவேன். நாலு வயசு. பெரியம்மா பெரியம்மான்னு கெடக்கும். காலையில எந்திரிச்சா அவங்கம்மாவ ஏறெடுத்துப் பாக்காது, நேரா வரப்பு மேல ஓடியாந்து எங்க பொடக்காளியில நிக்கும், நான் ஒரு வறுக்கி குடுப்பேன். மூலனூரு பேக்கரியில அதுக்குன்னே வாங்கி டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். கோகிலா 'அக்கா, வெறும் வயித்துல வறுக்கி குடுக்காதீங்க, சாப்பாடே எறங்க மாட்டேங்குது'ன்னு ஒருநாள் சொன்னா. அன்னைல இருந்து ரெண்டாக் குடுக்கறேன். ஆமா, வேணுமுன்னுதான். அவ ஊட்ல தண்ணி இருக்குது, நெல்லு இருக்குது, புருசன் ஊட்லயே இருக்கறான், இருந்தாலும் அவ பெத்தது எங்கிட்ட ஓடி வருதல்ல? காலுல கொலுசு போட்டு உட்டதும் நாந்தான், காது குத்துக்கு, முத்து நெறைய வெச்ச கொலுசு, எங்க போனாலும் சத்தம் கேக்கோணுமுன்னு சொல்லிச் செஞ்சது. கொலுசுச் சத்தம் எங்கூட்டப் பாத்து வர்றது கேட்டா, அந்த எரிச்சல் சித்த நேரம் அடங்கும்.

உஸ். வந்துருச்சு. காஞ்ச கிளுவ எல நொறுங்குது. ஒரு எட்டு. நின்னுருச்சு. இன்னொரு எட்டு. ஈரச் சாக்காட்டம் ஒரு வாசம், அதுக்குள்ள காரமா வேற ஒண்ணு. என்ர நெஞ்சு அடிக்கறது அதுக்குக் கேட்டிருமோ? மூக்க உறிஞ்சுது. பயமில்லாமத்தான் வருது, என்ர வாசம் அதுக்குப் பழகிப் போச்சு, பதினோரு நாளா வட்டல்ல என்ர கை வாசந்தானே. வட்டலு நகருது. மண்ணுல தேயற சத்தம். திங்குது. சலக் சலக்குன்னு திங்குது. இப்பத் தெறக்கட்டுமா? வேண்டாம் வேண்டாம், குனிஞ்சு தின்னுக்கிட்டு இருக்குது, தெறந்தா முதுகுதான் தெரியும், மொகத்துலதான் முழிக்கோணும், நிமுரட்டும், நிமுந்து என்னயப் பாக்கட்டும், கோகிலாவ நின்னு பாத்துச்சாமல்ல, என்னயும் பாக்கட்டும். சாமி, ரெண்டு இஞ்சு. ஒண்ணரை. சபரி, மறு பஸ்ஸுக்கு வந்தர்றா கண்ணு. உங்க சித்தி தொட்டியில குளிக்க வேண்டாம்டா, நம்ம தோட்டத்துலயே தொட்டி கட்டிரலாம்.

சல் சல். இது என்ன சத்தம்? சல் சல் சல். அய்யோ. மணி ஆறாயிருச்சா? வறுக்கி. வறுக்கி நேரம். நேத்துச் சாயங்காலமே இதுகிட்ட 'நாளைக்கு வராதடி'ன்னு சொல்லியிருக்கோணும், கொடலு, வட்டலு, துண்டு, எட்டு எல்லாத்தையும் ரோசன பண்ணுனேன், இத மறந்துட்டேன். சலக் சலக்கு நின்னுருச்சு. நிமுந்துருச்சு. நிமுந்து பாக்குது, இப்பத்தான், இப்பத் தெறக்கோணும். ஆனா கொலுசு எங்க இருக்குது? எடது பக்கமா, நேராவா? நேரா வந்துட்டாப்பல இருக்குதே. இப்பத் தெறந்தா எந்த மொகம் தெரியும், நரியா, புள்ளையா? 'பெரியம்மா, வறுக்கி.' பேசாத புள்ள. அக்கட்டப் போ. வாயத் தெறந்து சொன்னா நரி ஓடிரும். ஒரு மூச்சு. சன்னமா உறுமுது, தீனியப் புடுங்க வந்த மாதிரி நெனச்சுக்கிச்சு. போயிரும், புள்ளையப் பாத்தாப் போயிரும். தானா வந்து மனுசனத் தொடாதுன்னாரல்ல வாட்ச்சரு. ரெண்டு மூச்சு. 'பெரியம்மா, ஏன் கண்ண மூடியிருக்கறீங்க? கண்ணாமூச்சியா?' நகுரு சாமி, சித்த நகுரு, எனக்கு ஒரே ஒரு தடவ அந்த மொகத்தக் காட்டீரு, போர் வண்டி கெளம்பியிருக்கும், சபரி சிப்டு முடிஞ்சு படுத்திருப்பான். மூணு மூச்சு. 'தோ தோ தோ. நாய்க்குட்டி. ச்சூ, வா.' கொலுசு குனியுது, குனியறது கேக்குது.

ஊளையில்ல, கொரைக்கல. புள்ளதான் கத்துச்சு.

தெறந்தேன். மொதல்ல தெரிஞ்சது தனு மொகம். வாயி பொளந்து, கண்ணு ரெண்டும் என்னயவே பாத்துக்கிட்டு, நரியக் கூடப் பாக்கல, என்னயத்தான். கைய நெஞ்சோட புடிச்சிருக்குது. பொறவுதான் அதுக்குப் பின்னால அந்த மொகம். இத்துனூண்டு. நாய் மொகந்தான், கொஞ்சம் கூராட்டம், மூக்குல கொடலு ஒட்டிக்கிட்டு. ஓடல. நான் எந்திரிச்சும் ஓடல. தெரிஞ்ச ஆளப் பாக்கற மாதிரி என்னயப் பாக்குது, இன்னம் போடுவாளான்னு. என்ர ஒடம்பு தானா பண்ணுச்சு, புள்ளைய வாரி இடுப்புல போட்டேன், இன்னொரு கைய ஒசத்துனேன், 'ஏய்! தூ! ஓடு! நாசமாப் போறதே, ஓடு!'ன்னு கத்துன கத்துல எனக்கே தொண்ட கிளிஞ்சுது. அப்பவும் ரெண்டு எட்டுத்தான் பின்னால போச்சு. வட்டல எடுத்துச் சிமெண்டுக் கல்லுல அடிச்சேன், கொடலெல்லாம் என்ர மேலயே தெறிச்சுது, அடிச்சேன், அடிச்சேன், வட்டலு நெளியற வரைக்கும் அடிச்சேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வேலிச் சந்துல நொழஞ்சு போச்சு. நான் முதுகக் காட்டாமப் பின்னாலயே நடந்தேன். இருவத்திரண்டு எட்டு. ஆட்டாங்கல்லுல இடிச்சுக்கிட்டு நின்னேன்.

கையப் பாத்தேன். பொறங்கையில ரெண்டு ஓட்ட. சின்னதுதான், பொட்டு வெச்சாப்பல, அதுல இருந்து ரத்தம் ஒரு கோடாட்டம் வருது. கிளுவ முள்ளு. கிளுவ முள்ளு கிளிச்சாலும் இப்பிடித்தான் இருக்கும். நெசமாவே இப்பிடித்தான் இருக்கும். மஞ்சளு வெச்சுக் கட்டி ஒரு வறுக்கி குடுத்தா அழுகை நின்னுரும், நாலு வயசு, என்ன சொல்லத் தெரியும், நாய்க்குட்டின்னு சொல்லும், இங்க ஏது நாய்ம்பாங்க. வண்டி வரும், போர் போடுவாங்க, யாருக்கும் தெரியாது. இல்லைன்னா உசுருக்கு உத்தரவாதம் இல்லைன்னாரு. அந்தாளு அதச் சொன்னப்பவும் என்னயத்தான் பாத்தாரு. ஓடற தண்ணி. கால் மணி நேரம். எங்கூட்டுல அடுப்பு மேட்டுல அரைக் குடம் இருக்குது, அடியில வண்டல். புள்ள என்ர கழுத்தக் கட்டிக்கிட்டு, 'பெரியம்மா எரியுது, பெரியம்மா எரியுது'ங்குது. எனக்குந்தான் சாமி. எட்டு மாசமா எனக்கும் எரியுது.

வரப்ப எப்பிடித் தாண்டுனேன்னு தெரியல. பொடக்காளியில கெடந்த துணிச் சோப்பு கையில இருக்குது, அது எப்ப எடுத்தேன்னும் தெரியல. கொழாயத் திருகுனேன். இத்தன நாளு திருகாமயே இருந்த கொழாயி, தொட்ட ஒடனே கொட்டுது. புள்ள கையப் புடிச்சு அதுக்கடியில காட்டறேன், என்ர கை மேலயும் உழுகுது, முழங்கை வரைக்கும் உழுகுது, சேலையெல்லாம் நனையுது. ஜில்லுன்னு இருக்குது. நல்ல தண்ணி. உப்பே இருக்காதுன்னு இவரு சொல்லுவாரு, நான் நம்பல. சோப்புப் போட்டுத் தேச்சேன், புள்ள கத்துது, தேச்சேன். கோகிலா ஓடி வர்றா, அவுந்த கொண்டையோட, கையில கரண்டியோட. 'என்னாச்சுங்க்கா? ஏஞ் சாமி, என்னடி ஆச்சு? முள்ளு கிளிச்சிருச்சுங்களாக்கா?' அவளே சொல்றா பாருங்க. அவளே எடுத்துக் குடுக்கறா, தங்கமான புள்ள, ஆமான்னா முடிஞ்சு போச்சு. ரோட்டுல ஹாரன் கேக்குது. பெரிய வண்டி. எங்கூட்டுக்காரரு சத்தமும் கேக்குது, 'தெய்வான, எங்கபுள்ள போன, வண்டி வந்துருச்சு'ன்னு.

'முள்ளில்ல கோகிலா, நரி'ன்னேன். 'நாந்தான் தீனி போட்டுப் பழக்குனேன். பதினோரு நாளா. போர் வண்டி வருதல்ல, அது மொகத்துல முழிக்கோணுமுன்னு.' கரண்டி கீழ உழுந்துச்சு. 'வண்டிய எடுக்கச் சொல்லு திருமூர்த்திய, பெரியாசுபத்திரிக்குப் போலாம், இன்னைக்கே ஊசி போடோணும், நான் கழுவிக்கிட்டு இருக்கேன், கால் மணி நேரம் கழுவோணும்.' கோகிலா திரும்பிப் பாத்து, 'ஏனுங்க! வண்டிய எடுங்க!'ன்னு கத்துனா, கத்திட்டு எங்கிட்டக்க வந்து உக்காந்தா. என்னயத் திட்டல. இன்னமும் திட்டல. கொழாய இன்னுங் கொஞ்சம் தெறந்து உட்டா. தண்ணி தடதடன்னு உழுகுது. தனு அழுகைய நிறுத்திட்டு, மூக்க உறிஞ்சிக்கிட்டே அவங்கம்மாகிட்டச் சொல்லுச்சு, 'பெரியம்மா கண்ண மூடிட்டே இருந்தாங்கம்மா. நான் கூப்புட்டேன். தெறக்கவே இல்ல.'

கோகிலா என்னயப் பாத்தா. கலியாணம் பண்ணி வந்து ஆறு வருசத்துல அவ அப்பிடி என்னயப் பாத்ததே இல்ல. 'புள்ள வந்தது உங்குளுக்குத் தெரியுங்களாக்கா?'ன்னா. 'தெரியும். கொலுசு கேட்டுச்சு'ன்னேன். 'அப்பறம் எப்பக் கண்ணத் தெறந்தீங்க?'

'அது கத்துனதுக்கப்பறம்.'

அவ என்ர கையில இருந்து புள்ள கைய மெதுவா உருவி, தன்ர கையில புடிச்சுக்கிட்டு, எந்திரிச்சு அவ ஊட்டு வாசக் கொழாய்க்குப் போயிட்டா. அங்க தண்ணி தெறக்கற சத்தம் கேட்டுச்சு, சோப்பு எங்கன்னு கேக்கற சத்தம் கேட்டுச்சு. ஹாரன் இன்னொருக்கா அடிச்சாங்க. நான் கைய எடுக்கல. இந்தக் கொழாத் தண்ணி என்ர கை மேல மட்டும் உழுந்துக்கிட்டே இருந்துச்சு.